ஒன்றரை அடி எழுத்து

இருபத்தாறு மணி நேரம் உட்கார்ந்து, ரைஸ் மில் ரகுபதி ஐயாவின் பெயரை மஞ்சள் ஸ்டிக்கரில் வெட்டி முடித்தேன். ஒவ்வோர் எழுத்தும் ஒன்றரை அடி உயரம்.

கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் ஊர் சின்னப்பையன் வாங்கும் டேங்க்கர் லாரி பட்டறையை விட்டு வெளியே வரும். வண்டியில் தன் பெயர் இருந்தால்தான் கையெழுத்து என்று ஐயா சொல்லிவிட்டார். சின்னப்பையனை மில் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தே பேசுகிறவர் அவர்.

"ஐயா, அது இன்னா வண்டின்னா..." என்று அன்றைக்கே, மில் கேட்டில் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னப்பையன் ஆரம்பித்தான்.

"எதுவா இருந்தா இன்னாடா? என் பேரு நாலு பேர் கண்ல படுமா?"

"ஓரகடம் வரிக்கும் எல்லா கம்பெனிக்குள்ளயும் போவுங்க."

"உள்ளயேவா?" ஐயா என் பக்கம் திரும்பினார். "அப்ப டேங்க்குக்குப் பின்னாலயும் ஒட்டும்மா. உரியாதே?"

"பிச்சாலும் வராதுங்க," என்றேன்.

இன்று பட்டறையில் புது டேங்க்கின் மூன்று பக்கமும் தன் பெயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஐயா அங்கேயே கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் கேட்டார்.

"இதுல இன்னாடா ஏத்தப் போற? தண்ணியா, பாலா?"

சின்னப்பையன் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"கம்பெனிங்க கக்கூஸ் தொட்டி ரொம்பினா, அத்த உறிஞ்சி எடுக்கற வண்டிங்க, ஐயா."