ரொட்டிக்கல் சண்டை

ஸ்பானிஷ் படிக்கக் குவாத்தமாலாவுக்கு வந்த மாரென், பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுத்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே மாட்டிக்கொண்டு விழி பிதுங்கினாள்.

"அந்த மனுஷனைச் சாப்பிட வரச் சொல்லும்மா," என்பாள் வீட்டுக்கார அம்மாள் எல்விரா. அந்த மனுஷன் செல்சோ எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பார்.

"பீன்ஸ்ல உப்பே இல்லைன்னு அவகிட்ட சொல்லு."

"எங்கம்மா குடுத்த ரொட்டிக்கல்லைத் தன் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்த ஆளுக்கு இது போதும்னு சொல்லு."

வகுப்பில் வாயே திறக்காத மாரென், வீட்டில் இரண்டு பக்கமும் தூது போய்த் தொண்டை வறண்டாள். இன்று உப்புச் சண்டை செல்சோவின் மாமியார்வரை போனதும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"போதும்! நீங்க என்ன சின்னக் குழந்தைங்களா? ஒரு கல்லுக்காகவா பேசாம இருப்பீங்க? இனிமே உங்க சண்டையை நீங்களே போட்டுக்குங்க. நான் வேற வீடு பார்த்துக்கறேன்!"

ஸ்பானிஷிலேயே பொரிந்து தள்ளிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெருமுனையில் மழை பிடித்துக்கொண்டது. குடையை எடுக்கத் திரும்பி வந்தவள், அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

தங்கச்சி வீட்டுக்குப் போனதாகச் சொன்ன அந்தப் பழைய ரொட்டிக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. எல்விரா சோள மாவைத் தட்டிப் போட, செல்சோ திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊமைப் பொண்ணை இப்படிப் பேச வைக்கறதுக்குள்ள நம்ம உசுரே போயிடுச்சுடி! கல்லை மறுபடி பரண்ல போட்டுடவா?"

"வேணாங்க, அது இல்லாம எனக்கு ரொட்டியே வரல. திங்கக்கிழமை படிக்க வர்ற பையனுக்கு உங்க சேவலைச் சாக்கா வெச்சுச் சண்டை போட்டுக்கலாம்."