பாதி இழுத்த ஹேண்ட் பிரேக்

லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த கார், பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. தனியொருத்திக்குக் கார் எதற்கு, விற்றுவிடுவோம் என்று யமுனா தீர்மானித்தாள். விற்பதற்கு முன் பொன்மலை மெக்கானிக் பிச்சமுத்துவிடம் காட்டினாள். அவர் பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

“கொதிக்குதும்மா. ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்துவச்சிட்டே ஓட்டுனா பெட்ரோல் குடிக்காம என்ன செய்யும்?”

“நான் அப்படி ஓட்டுறவ இல்லைங்க.”

“அப்ப பக்கத்துல யாராச்சும் உக்காந்து இழுக்குறாங்களா?” என்று சிரித்தார்.

யமுனா சிரிக்கவில்லை. வேகம் நாற்பதைத் தாண்டினாலே அவள் கணவர் பீமராவின் கை அந்தப் பிரேக்குக்குத்தான் போகும். ஸ்ரீரங்கத்து வீடு வந்து சேரும்வரை அதற்காகச் சண்டை நடக்கும். அவர் காலமாகி ஓராண்டாகிறது. இப்போது அந்த வீட்டில் சண்டைக்கும் ஆளில்லை. அவர் உட்காரும் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே அவள் விட்டிருந்தாள்.

பிச்சமுத்து பிரேக்கைச் சரிசெய்து, லிவரை முழுவதும் இறக்கிக் கொடுத்தார்.

காவிரிப் பாலத்தில் வெயில் தணிந்திருந்தது. வேகமுள் நாற்பதைத் தாண்டியது. அவளுடைய இரு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருக்க, லிவர் ‘டிக்’கென்று ஒரு படி மேலேறியது.

“சரி, மெதுவாத்தான் போறேன்” என்றாள்.

லிவர் இறங்கியது. பாலம் முடிவதற்குள் அவள் மறுபடியும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.