கொடியில் இருநூறு சட்டைகள்

வானத்திலிருந்து படமெடுத்து, கொடியில் காயும் உடுப்புகளை எண்ணித்தான் கம்பனிகள் ஓர் ஊரில் எத்தனை சனம் என்று கணிக்கின்றன. எங்கள் சின்ன மாகாணத்தில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். ஆளில்லாத முப்பது வீடுகளில் சனம் இருப்பதாகக் காட்டிக் கம்பனிகளை இழுக்க, தினமும் உடுப்பு நனைத்துக் காயப்போடுவது என் அரசாங்க வேலை. பள்ளி விடுமுறையில் பள்ளிச் சட்டையைக் காயப்போட்டு ஒருமுறை பிடிபடப் பார்த்தேன்.

இருநூறு பேருக்கு வேலை கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு மாகாணம் காணியைச் சும்மா கொடுக்க, ஒரு தொழிற்சாலை வந்தது. மகளும் வெளிநாடு கிளம்புமுன் அவளுக்கு வேலை கேட்டு வாசலுக்குப் போனேன்.

"இருநூறு பேர் வேலை செய்யினம் அக்கா. இனி ஆள் தேவையில்லை," என்றான் காவலாளி டிலக்சன்.

"ஒருத்தரையும் காணேல்லையே?"

அவன் கொடியைக் காட்டினான். இருநூறு நீலச் சட்டைகள். ஒன்றின் கழுத்துப்பட்டியைத் திருப்பினேன். வியர்வைக் கறையே இல்லை.

"இதை ஆரும் போட்டவையோ தம்பி?"

அவன் சட்டையைப் பிடுங்கினான். அவன் விரல்களும் என்னுடையவை போலவே தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.