இன்னும் குளிரவில்லை

மொட்டைமாடி வெயிலிலிருந்து இறங்கி வந்த ஏசி மெக்கானிக் அந்தோணிசாமி மெஷினை ஓடவிட்டார். கம்பெனி அவர் கையில் மாட்டிவிட்டிருந்த பேசும் பட்டை வீட்டுக்காரி மரகதவல்லியிடம் கேட்டது: "அறை குளிர்ந்துவிட்டதா?"

அவள் ஆமென்றால், நிமிடக் கணக்கில் ஓடும் அவர் சம்பளம் அந்த நொடியோடு நின்றுவிடும். அடுத்த மாடிக்கு ஓட வேண்டும்.

பட்டை வருவதற்கு முன்பெல்லாம், குளிர்கிறதா என்று பார்க்கவே இந்த வீட்டு நாற்காலியில் உட்காருவார். மரகதவல்லி மோர் கொடுத்து, மருமகளைப் பற்றிய புகார் அத்தனையும் சொல்லி முடிப்பாள். ஊருக்கெல்லாம் குளிர் கொடுப்பவருக்கு அன்றன்று கிடைத்த குளிர் அதுதான்.

"உக்காருங்கண்ணே."

"பதில் சொல்லிடுங்கம்மா, நான் கெளம்புறேன்."

"உங்க பட்டைக்குத்தான் அவசரம். மருமக கதை எவ்வளவு பாக்கி கெடக்கு. மொதல்ல மோரக் குடிங்க."

பட்டை மறுபடியும் கேட்டது. மரகதவல்லி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பல் தந்தியடித்தது.

"இன்னும் குளிரவே இல்லியே," என்றாள்.