எழுந்திருக்காத தவணைக்காரன்

"இன்னும் கொஞ்சம் கெழங்கு வைக்கட்டா தம்பி?"

"வைங்க அக்கா. சாளைக்கறி ஒண்ணாந்தரம்."

ஸ்மிதா அள்ளி வைத்தாள். மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் சிவபிரசாத். முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, அவசரமே இல்லாமல் தின்றான்.

அவன் எந்த உறவும் இல்லை. குழுக் கடனுக்குத் தவணை வசூலிக்க வருகிற கம்பெனிப் பையன். கூரைக்கு ஓடு மாற்ற வாங்கிய கடன். இரண்டு வாரமாக அவள் கட்டவில்லை.

மழை விட்டால்தான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. பால்வெட்டு நடந்தால்தான் அவள் புருஷன் சுயம்புராஜுக்குக் கூலி. வீட்டில் அந்த ஒரு கூலிதான் வரவு. கரண்டு பில், கேஸ், பிள்ளையின் வேன் வாடகை எல்லாம் அதை எதிர்பார்த்து வரிசையில் நின்றன. தவணை கடைசியில் நின்றது. அது வருகிற நாளில் சுயம்புராஜுக்கும் வெளியே ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

வெறும் கையோடு அனுப்பலாம், வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பது ஸ்மிதாவின் கணக்கு. சாப்பிட்ட வீட்டில் எவனும் சத்தம் போட மாட்டான். போன வாரம் ஒரு கட்டன்சாயாவிலேயே காரியம் முடிந்தது.

இன்றைக்கு முடியவில்லை. இன்றைக்கென்று பார்த்து ஓமனா மைனி வருகிறாள்.

ஓமனா சுயம்புராஜின் அக்கா. வடசேரியில் இருக்கிறாள். அங்கே யார் வாயில் கடன் என்ற பேச்சு வந்தாலும் அவளுக்கு உடனே தம்பி குடியிருக்கும் அருமனை ஞாபகம் வரும். "எனக்க தம்பி பெண்டாட்டியப் பாருங்க. ஒத்தக் கூலியில குடும்பம் நடத்துதா. ஒருத்தன்கிட்ட பத்து பைசா கடன் உண்டா?" என்பாள். ஸ்மிதாவின் கழுத்துச் செயின் பேங்கில் இருந்தது. அடகு போகாமல் மிச்சமிருந்தது இந்தப் பெயர் ஒன்றுதான்.

சிவபிரசாத் கை கழுவிவிட்டு வந்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

"தம்பி, சத்தியமாட்டு இந்த வாரமும் பைசா இல்ல. மழை..."

"தெரியும் அக்கா. மழைதான்."

"வெறும் கையோட போனா மேனேஜர் ஏச மாட்டாரா?"

"ஏசுவாரு."

அவன் சுழலும் ஃபேனை அண்ணாந்து பார்த்தான்.

"வேற வீடுகளுக்குப் போகண்டாமா?"

"ஒங்க வீடுதான் அக்கா இன்னைக்குக் கடைசி."

அவன் போன் அடித்தது. பார்த்தான். சத்தத்தை அடக்கிக் கவிழ்த்து வைத்தான்.

"மேனேஜரா?"

"இல்ல. வீட்டிலேருந்து."

கம்பெனியில் புதிதாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஸ்மிதாவுக்குப் பட்டது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். கும்பிட்டால் பதிலுக்கு அழலாம். சும்மா உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது?

வளைவில் ஓமனா வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

அவள் உள்ளே ஓடினாள். கரண்டு பில்லுக்கென்று ஒதுக்கியதை அப்படியே கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"ரெண்டு வாரத்துக்கும் சேத்து இருக்கு. பிடி."

"இல்லன்னு சத்தியம் பண்ணினியள்?"

"அப்ப இல்ல. இப்ப உண்டு. நீ கெளம்பு மக்கா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் ரூபாயை எண்ணினான். ரசீது கொடுத்தான். பையின் ஜிப்பை இழுத்து மூடினான். இனி ஃபேன் எத்தனை நாளைக்கோ என்று ஸ்மிதா நினைத்தாள். போகட்டும், பெயர் தப்பியது.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தருவியளா?"

கொண்டுவந்தாள். ஒவ்வொரு மிடறாகக் குடித்தான். தம்ளரை ஓசையில்லாமல் கீழே வைத்தான். எழுந்திருக்கவில்லை.

வாசலில் குடை மடங்கியது.

"ஏட்டி ஸ்மிதா!" ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு ஓமனா உள்ளே வந்தாள். "இது யாருட்டீ?"

ஸ்மிதா ரசீதை இடுப்பில் செருகினாள்.

"இது... ரேசன் கார்டு சரிபாக்க வந்த தம்பி மைனி."

"நல்லா பாத்து எழுது மக்கா," என்றாள் ஓமனா அவனிடம். "இந்த ஊருல கடன் இல்லாத வீடு இது ஒண்ணுதான்."

"தெரியும் அம்மா," என்றான் சிவபிரசாத். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஓமனாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அவனுக்கு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனாள். அவன் ஒன்றை நிதானமாக உரிக்கத் தொடங்கினான்.

ஸ்மிதா பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

"பைசாதான் தந்தாச்சில்லியா? இன்னும் எதுக்குடே இருக்க? ஒனக்கு வீடு வாசல் இல்லியா?"

சிவபிரசாத் கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இருக்கு அக்கா. அங்க எனக்க தவணைக்கு ஒருத்தன் வந்து இருக்கான். அவன் எழும்பினதும் போயிருதேன்."