கானா ரிட்டர்ன்

கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த மனிதரைத் தலைமையாசிரியை மேடம் டீச்சருக்கு அறிமுகப்படுத்தினார்.

"எங்க வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் கானாவுல எஞ்சினியரா இருந்தவர்!" மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம டீச்சரும் மூணு வருஷம் அங்க பாடம் நடத்தினவங்கதான். ரெண்டு பேருமா சேர்ந்து கானாவையே பசங்க கண் முன்னாடி கொண்டு வந்துடுங்க!"

மூணு வருஷமாவது, மண்ணாங்கட்டியாவது! டீச்சர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. கானா என்றால் மேடம் உருகிவிடுவார் என்று யாரோ காதில் ஓத, வேலைக்கான விண்ணப்பத்தில் கூசாமல் ஒரு வரி சேர்த்துவிட்டார்.

இப்போது வேலை நிரந்தரமாகும் கடிதம் மேடத்தின் மேஜைமேல் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. இந்த நேரம் பார்த்தா இந்த ஆசாமி வந்து உட்கார வேண்டும்? குட்டு உடைந்தால் கடிதம் குப்பைக்கூடைக்குத்தான்.

வேறு வழியில்லை. சுவரில் மாட்டியிருந்த கானா வரைபடத்தைக் குச்சியால் தட்டி ஆரம்பித்தார். "கீழே நீலமா இருக்கே, அது கடல். அதோட கரையில இருக்கிறதுதான் தலைநகர் அக்ரா. இது வோல்டா ஏரி. ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டினதால உண்டானது."

நூலகப் புத்தகத்தை வைத்து ஒரு வாரமாக நெட்டுருப் போட்டது கடகடவென்று வந்தது. எல்லாவற்றுக்கும் கடைசி பெஞ்ச் பலமாகத் தலையாட்டியது. டீச்சருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அங்க நிறைய பேர், குழந்தை எந்தக் கிழமை பொறந்ததோ அதை வெச்சே பேர் வைப்பாங்க."

"மிஸ், நான் வெள்ளிக்கிழமை! எனக்கு என்ன பேரு?" துள்ளிக் குதித்தான் முன்வரிசை வாலு ஒருவன்.

"குவாமே!"

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. ஐயையோ, குவாமே சனிக்கிழமைப் பையன் அல்லவா! வெள்ளிக்கிழமை என்றால் கோஃபி!

கடைசி பெஞ்ச் மெல்ல எழுந்து நின்றது. தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டார் டீச்சர்.

"நூத்துக்கு நூறு கரெக்ட்!" என்றார் அவர். "அக்ராவுல என் பக்கத்து வீட்டுக்காரன் பேரே குவாமேதான். 'நான் வெள்ளிக்கிழமை பொறந்தவனாக்கும்'னு வாய்க்கு வாய் சொல்லுவான்!"

மேடம் கைதட்ட, வகுப்பே கைதட்டியது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பென்று தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல், இல்லாத பக்கத்து வீட்டுக்காரனை இழுத்து வந்து காப்பாற்றினாரே, இவரல்லவா மனிதர்!

மணி அடித்தது. "ரெண்டு பேரும் வெளுத்துக் கட்டிட்டீங்க! டீச்சர், லெட்டர்ல இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்," என்று மேடம் ஆபீஸ் ரூமுக்கு நடந்தார்.

வராந்தாவில் மேடத்தின் கணவரைத் தனியாகப் பிடித்தார் டீச்சர். நன்றி சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

"சார், அந்தக் குவாமே விஷயம்..."

அவர் முகம் வெளுத்துவிட்டது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா? ஆனா என் பொண்டாட்டிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்கம்மா. இருபது வருஷமா காப்பாத்திட்டு வர்றேன்!"

"எதை சார்?" என்றார் டீச்சர், ஒன்றும் புரியாமல்.

"நான் கானா பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்லை!"