ரசமட்டம்

வீட்டில் ஆளுக்கோர் அறை இருந்தது. மகள் வாடகைக்கு எடுத்துத் தந்த கேம்பர்வேனில், அந்தப் படுக்கை வண்டியில், ஒரே ஒரு மெத்தை. கடலோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தியதும், குலசேகரன் தம் பழைய ரசமட்டத்தை வண்டியின் தரையில் வைத்துப் பார்ப்பார். கண்ணாடிக்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுப்பார். ஆயுள் முழுவதும் கட்டடம் கட்டியவர். ஒரு நூல் பிசகாது. மெத்தை மட்டமாக இருந்தால், தூக்கத்தில்கூட ஒருவர் பக்கம் மற்றவர் உருள வேண்டியதில்லை. மனைவி திலகவதிக்கு அது இரண்டாம் ஊரிலேயே விளங்கிவிட்டது.

திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் மலைச்சரிவில், மதிய உறக்கத்துக்காக வண்டியை நிறுத்தினார்கள். அவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, அவள் பலகைகளைக் கொண்டுபோய்க் கொடிகளுக்குள் வீசிவிட்டு வந்தாள்.

“பலகையைக் காணோமே, திலகா?”

“போன ஊர்லயே விட்டுட்டு வந்திருப்பீங்க. வயசாகுதுல்ல? ஒரு நாள் சாஞ்சு படுத்தா குடி முழுகிடுமா?”

அவர் மேட்டுப் பக்கம் படுத்தார். அவள் பள்ளத்துப் பக்கம் படுத்து, கண்களை மூடிக் காத்திருந்தாள். தண்ணீர்க் குப்பி ஒன்று உருண்டு வந்து அவள் முதுகில் முட்டி நின்றது. அவர் வரவில்லை. நெடுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். வாய் சற்றே திறந்திருக்க, குலசேகரன் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். மேட்டுப் பக்கத்து ஜன்னல் விளிம்பை அவருடைய வலக்கை மட்டும், விரல் மூட்டுகள் வெளுக்க, இறுகப் பற்றியிருந்தது.

அவள் ஓசைப்படாமல் இறங்கி, கொடிகளுக்குள் பலகைகளைத் தேடத் தொடங்கினாள்.